மடிப்புக்காரருக்கு ஒரு சட்டை

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எனக்கும் என் தையல் மிஷினுக்கும் சுகம்தான். இரண்டு பேருக்கும் முட்டியில் கொஞ்சம் சத்தம் வருகிறது, அவ்வளவே. உன் வீட்டுக்காரிக்குத் தலைசுற்றல் நின்றதா? நீ மாத்திரையை வேளைக்கு விழுங்குகிறாயா, அல்லது ஜெபத்திலேயே ரத்த அழுத்தம் இறங்கிவிடும் என்று இருக்கிறாயா?

உன் சபை மாதாமாதம் அச்சிடும் கைப்பிரதி ஐம்பதும் வந்தன. சனிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், காத்திருப்பவர்களின் பெஞ்சுகளில் வைத்துவிட்டு வந்தேன். நான் பெற்ற பாப்பாவைக் கொண்டுபோன அன்று அந்தப் பெஞ்சில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். கையில் பிடித்துக்கொள்ள ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அதற்காகத்தான் நாலு வருஷமாக இந்த வேலை.

ஒன்று கேட்க வேண்டும். கொஞ்ச காலமாகப் பிரதிகளை யார் மடிக்கிறார்கள்? விளிம்போடு விளிம்பு ஒட்டி, இஸ்திரி போட்ட காலர் மாதிரி நிற்கிறது. முப்பது வருஷம் பள்ளிச் சீருடை தைத்தவள் சொல்கிறேன், அந்த மடிப்புக்குப் பொறுமை வேண்டும். உள்ளே நீ எழுதும் கேள்வி-பதிலைவிட வெளியே இருக்கும் மடிப்புதான் எனக்குப் பிடித்திருக்கிறது என்றால் கோபித்துக்கொள்ளாதே.

போன் அடித்துப் பார்த்தாயாம், பக்கத்து வீட்டு டீச்சரிடம் சொன்னாயாம். நான் எடுக்கமாட்டேன் என்று உனக்குத் தெரியும். அன்று காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுதான் நான் கடைசியாக எடுத்தது. அதற்குப் பிறகு மணி அடித்தால் மிஷினை வேகமாக மிதித்து அதன் சத்தத்தை அமுக்கிவிடுவேன். இணைப்பைத் துண்டிக்கவும் மனசு வரவில்லை, மிஷின் பக்கத்திலேயே கிடக்கிறது. நீ எழுது. எழுத்தில்தான் நீ தம்பியாக இருக்கிறாய், பேச ஆரம்பித்தால் போதகராகிவிடுகிறாய்.

இருந்தாலும் போதகரிடம் ஒன்று கேட்கிறேன். தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் போகும் சாலையில், வேலைக்குப் போன பாப்பா சைக்கிளோடு ஆறு பத்திலிருந்து ஆறு ஐம்பது வரை கிடந்தாள் என்று போலீஸ்காரர்கள் சொன்னார்கள். மோதிய வேனை ஓட்டியவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அந்த நாற்பது நிமிஷத்தில் அவள் ஏதாவது சொன்னாளா? யாரிடமாவது? மனுஷருக்கு ஏன் துன்பம் வருகிறது என்று நான் கேட்கவில்லை, அதைப் பற்றி நீ நிறைய எழுதிவிட்டாய். எனக்கு இது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

உங்கள் இருவரையும் தினமும் ஜெபத்தில் நினைக்கும்
அக்கா


ஜனவரி 30

பாசமுள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் திட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன. மாத்திரையை விழுங்குகிறேன். அவளுக்குத் தலைசுற்றல் குறைந்துவிட்டது, இப்போது வேலை சொல்லி என்னைச் சுற்றவிடுகிறாள்.

மடிப்பவரைப் பற்றிக் கேட்டீர்கள். ஒன்றரை வருஷத்துக்கு முன்பு வெளியூரிலிருந்து வந்தவர். ஐம்பது வயதிருக்கும். ஆலயத்துக்குப் பின்னால் சாமான் அறையில் தங்கியிருக்கிறார். பெருக்குவது, ஆடுகிற பெஞ்சுக்கு ஆணி அடிப்பது, மாதம் எண்ணூறு பிரதி மடிப்பது எல்லாம் அவர்தான். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மடிப்புக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எழுத்தைப் பார்த்தால் மடிப்பு கோணும் என்று எதையும் படிக்கமாட்டார். எந்த வண்டியிலும் ஏறமாட்டார். அச்சகம் ஐந்து மைல். பிரதிக் கட்டைத் தலையில் சுமந்து நடந்தே வருவார். திருவிருந்து அன்று கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார், அப்பம் வாங்க எழுந்து முன்னால் வந்ததில்லை. இருப்பது இரண்டு சட்டை. ஒன்றின் காலர் நூலாகிவிட்டது.

உங்கள் கேள்விக்கு என்ன சொல்வேன்? கர்த்தர் அந்த நாற்பது நிமிஷமும் அவளோடு இருந்தார். சிலுவையில் தொங்கியவரே ஏன் என்று கேட்டார், அவருக்கும் வானத்திலிருந்து பதில் வரவில்லை. பதில் கிடைக்காத இடத்தில் நிற்பவர்களின் வேதனை அவருக்குத் தெரியும். கிளறிக்கொண்டே இருந்தால் புண் ஆறாது அக்கா. விட்டுவிடுங்கள்.

உங்கள் ஜெபத்தை நம்பியிருக்கும்
தம்பி


பிப்ரவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன், முடிக்கும்போது என்ன மனநிலையில் இருப்பேனோ.

கர்த்தர் அவளோடு இருந்தார் என்பது எனக்கும் தெரியும். வேறு யார் இருந்தார்கள் என்றுதான் கேட்டேன். சின்ன வயதில் அப்பாவின் கண்ணாடியை உடைத்துவிட்டு, மழை வருமா என்று பேச்சை ஆரம்பிப்பாயே, அதே பேச்சாக இருக்கிறது. கைப்பிரதியில் உனக்கு ஏழு வரிதான் இடம் என்பதற்காக அக்காவுக்கும் ஏழே வரியா?

போகட்டும். மடிப்புக்காரரின் கழுத்து, தோள், மார்பு, கை நீளம் எல்லாம் அளந்து அனுப்பு. நூலாகிப்போன காலரோடு ஒருவர் எண்ணூறு பிரதியை நேராக மடிக்கிறார் என்றால், அதைச் சும்மா கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது. என்னிடம் நல்ல நீலத் துணி இருக்கிறது.

உன் அளவு மறக்காத
அக்கா


மார்ச் 22

அன்பு அக்காவுக்கு,

சுகம். உங்கள் முட்டிவலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

அளவு கேட்டு ஐந்து வாரம் ஆகிவிட்டது, மன்னியுங்கள். அவர் யாரிடமும் எதையும் வாங்கிக்கொள்ளமாட்டார், வேண்டாம் என்று எழுதினேன். பிறகு அதைக் கிழித்துப் போட்டேன். கழுத்து பதினைந்தரை, தோள் பதினெட்டு, மார்பு நாற்பது, கை இருபத்து மூன்றரை. யார் தைக்கிறார்கள் என்று அவரிடம் சொல்லவில்லை. ஒரு சகோதரி என்று மட்டும் சொன்னேன்.

தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

தைலம் வந்தது. முட்டி பரவாயில்லை, வீடு முழுவதும்தான் ஆஸ்பத்திரி வாசனை. நீ எழுதியது நாலு வரி. உனக்கு ஏதோ சரியில்லை, வேலை அதிகமோ?

சட்டை இத்துடன் வருகிறது. காலருக்கு இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். உதிர்ந்தால் மாற்றிக்கொள்ள உள்பக்கம் ஒரு பொத்தானும் வைத்திருக்கிறேன். அவரைப் போல மடிக்க வேண்டும் என்று நாலு தடவை பிரித்து மடித்தேன், வரவில்லை.

இதுவரை யாரிடமும் சொல்லாததை உனக்குச் சொல்லப்போகிறேன். பாப்பா வேலை பார்த்த பிஸ்கட் கம்பெனி வெளியூரில் புதுக் கிளை திறந்தது. அவளை அங்கே மேற்பார்வைக்குக் கூப்பிட்டார்கள். என்னைத் தனியாக விட்டுப் போகக்கூடாது என்றேன். போவேன் என்றாள். மூன்று நாள் நான் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் காலை ஆறு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "அம்மா, போயிட்டு வரேன்" என்றாள். நான் மிஷினை நிறுத்தவில்லை. தலையைக்கூடத் தூக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தாள்.

அவள் என்மேல் கோபத்தோடு செத்தாளா என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் இல்லை தம்பி. அதனால்தான் அந்த ஒரே கேள்வியை உன்னிடம் கேட்டுக் கேட்டு நச்சரிக்கிறேன்.

நீ எனக்குத் தனியாக எழுதினால் மழுப்புகிறாய். ஆகவே இதை அச்சில் போடு. பெயர் வேண்டாம். கேள்வி இதுதான்: "தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் என் மகளைச் சைக்கிளோடு மோதிவிட்டுப் போனவன் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டு, அவரும் மன்னித்துவிட்டால், பெற்றவள் நான் எதற்கு? என் பெண் கடைசியில் என்ன சொன்னாள் என்று எனக்கு யார் சொல்வார்?" நாலு பேர் பார்க்கப் பதில் சொல்லு.

அக்கா


மே 4

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று நாள் பேசாத தாயைப் பிள்ளை வெறுக்காது அக்கா. இதைப் போதகராகச் சொல்லவில்லை, நீங்கள் ஒரு வாரம் பேசாமல் இருந்த தம்பியாகச் சொல்கிறேன்.

கேள்வியைப் போட்டுவிட்டேன், போடாவிட்டால் விடமாட்டீர்கள். பிரதி அச்சகத்தில் இருக்கிறது. பதில் இதுதான்: "சகோதரியே, கடவுளின் மன்னிப்பு உங்களைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போவதில்லை. தவறு செய்தவன் உங்கள் முன்னால் வந்து நிற்கும்வரை அவனுடைய மனந்திரும்புதல் பாதி வழியில்தான் நிற்கிறது. மன்னித்துவிடு என்று உங்களை அவசரப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. கசப்பை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கர்த்தர் கையில் இறக்கி வையுங்கள். உங்கள் மகளின் கடைசிச் சொல் தெரிந்தவர் எங்காவது இருந்தால், கர்த்தர் அவர் வாயைத் திறப்பாராக."

சட்டை கச்சிதம். ஞாயிறன்று போட்டுக்கொண்டு வந்தார். காலரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எனக்குன்னு யாரும் அளவெடுத்துத் தச்சதில்ல ஐயா" என்றார்.

தம்பி


மே 20

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். மடிப்புக்காரருக்கு என்ன ஆயிற்று?

கட்டைப் பிரித்தேன். மேலே இருந்த பதினெட்டுப் பிரதி அவர் மடித்தது. கீழே இருப்பதெல்லாம் கோணல்மாணல், ஒன்றை இரண்டு தடவை பிரித்துத் திருப்பி மடித்திருக்கிறது. அது வேறு யாருடைய கையோ. அவருக்குக் காய்ச்சலா? தனியாகக் கிடக்கிற மனுஷர், உன் வீட்டுக்காரியை ஒரு எட்டுப் போய்ப் பார்க்கச் சொல். முகம் பார்க்காதவருக்காக இவ்வளவு கவலைப்படுகிறேனே என்று எனக்கே சிரிப்பாக இருக்கிறது. துணியை அளந்து தைத்துவிட்டால் அவர் நம்ம ஆள் மாதிரி ஆகிவிடுகிறார்.

உன் பதில் முதல் முறையாக எனக்குப் பிடித்தது. கடைசி வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். உன் எழுத்து எனக்குத் தெரியும் தம்பி. நீ எதையோ முழுங்கிக்கொண்டு எழுதியிருக்கிறாய்.

உடனே பதில் போடு.
அக்கா


ஜூலை 1

அக்காவுக்கு,

நீங்கள் எழுதி ஆறு வாரம். எத்தனை தாள் கிழித்தேன் என்று குப்பைக்கூடைக்குத்தான் தெரியும்.

அவருக்குக் காய்ச்சல் இல்லை. மடித்துக்கொண்டிருந்தபோது தண்ணீர்த்தொட்டி என்ற சொல் கண்ணில் பட்டு, முதல் தடவையாகப் படித்திருக்கிறார். தாளோடு என் அறைக்கு வந்து, "இந்த அம்மா யாரு ஐயா?" என்று கேட்டார். என் கண் அவர் போட்டிருந்த சட்டைக்குப் போனது. "இந்தச் சட்டையத் தச்சவங்களா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அங்கேயே சட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மீதிப் பிரதிகளை மடித்தது நான்தான்.

அந்த வேனை ஓட்டியவர் அவர், அக்கா.

விபத்து நடந்து இரண்டரை வருஷம் கழித்து, அந்தப் பெண் பிழைத்தாளா என்று கேட்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். கேட்கத் தைரியம் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் வைத்த கைப்பிரதி பக்கத்தில் கிடந்திருக்கிறது. அதிலிருந்த விலாசத்தைப் பார்த்துத்தான் என்னிடம் வந்தார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று முதலில் வாக்குக் கேட்டார், கொடுத்தேன். பிறகுதான் தேதியையும் இடத்தையும் சொன்னார். யாருடைய பிள்ளை என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது.

வாக்கு மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயந்தேன். பிறகு நீங்கள் மடிப்பைப் புகழ்ந்தீர்கள், சட்டை தைக்கிறேன் என்றீர்கள். தெரியாமலே அவர்மேல் அன்பு வந்துவிட்டால், தெரியும்போது மன்னிப்பது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். அதைக் கர்த்தருடைய வழி என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உங்கள் கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. அவர் வண்டியை நிறுத்தி இறங்கினார். தோளில் கிடந்த துண்டை அவள் தலைக்கு அடியில் வைத்தார். அவளுக்கு நினைவு இருந்தது. "அம்மாவக் கூப்பிடுங்க" என்றாள். வீட்டு எண்ணை இரண்டு தடவை சொன்னாள். இதோ கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். சாலை முனையில் டெலிபோன் பூத் திறந்துதான் இருந்தது. நிறுத்தவில்லை. அந்த எண்ணை இன்றைக்கும் தடுமாறாமல் சொல்கிறார்.

என்னை என்ன செய்தாலும் தகும்.

தம்பி


ஆகஸ்ட் 10

அக்காவுக்கு,

நீங்கள் சாப்பிடுகிறீர்களா, மிஷினில் உட்காருகிறீர்களா என்று டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். இரண்டு மாதக் கைப்பிரதிகளும் பிரிக்காமலே திரும்பி வந்தன. நான் புறப்பட்டு வரட்டுமா என்று கேட்கவும் பயமாக இருக்கிறது.

அவர் போலீஸில் சரணடையப் போகிறார். நானும் கூடப் போகிறேன், உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு. அதற்கு முன்பு உங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறார். திட்டியாவது எழுதுங்கள் அக்கா. கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்துவிடாதீர்கள்.

தம்பி


ஆகஸ்ட் 29

தம்பிக்கு,

நலம் விசாரிக்க மனசில்லை, அதனால் விசாரிக்கவில்லை.

அவன் கழுத்து பதினைந்தரை என்று எனக்குத் தெரியும். என் பிள்ளையைச் சாலையில் போட்டுவிட்டுப் போனவனுக்கு நான் காலரில் இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். அவன் பயந்து ஓடினான், அது எனக்குப் புரிகிறது. நீ ஒன்றரை வருஷம் பதிலைப் பையில் வைத்துக்கொண்டு எனக்கு ஏழு வரி எழுதினாய். கிளறாதே, புண் ஆறாது என்று எழுதினாய். காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று எத்தனை பிரசங்கம் பண்ணியிருப்பாய்? அவனாவது கடைசி பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. நீ முன்னால் நின்று அப்பத்தைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாய். ஊருக்குத்தான் உபதேசம்.

மன்னிப்பது என்றால் அது என் கையால் கொடுக்க வேண்டியது. அதை எனக்குத் தெரியாமல் ஒரு சட்டையாகத் தைக்கவைத்து வாங்கிக்கொண்டாய்.

நான் வருவேன் என்று அவள் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். அதை நினைத்துக்கொண்டு என்னால் மிஷினில் உட்கார முடியவில்லை.

இரண்டு காரியம் செய். சட்டையைத் திருப்பி அனுப்பு. பிறகு, அவனை அந்த அழைப்பைச் செய்யச் சொல். எண் மாறவில்லை. காலை ஆறு பத்துக்கு. மன்னிப்புக் கேட்கக் கூடாது, அழக் கூடாது, தன்னைப் பற்றி ஒரு சொல் சொல்லக் கூடாது. அன்று பூத்தில் நிறுத்தியிருந்தால் என்ன சொல்லியிருப்பானோ அதை மட்டும் சொல்லட்டும். எந்த நாள் என்று எனக்கு முன்கூட்டி எழுது.

அக்கா


செப்டம்பர் 9

அக்காவுக்கு,

வரும் பதினெட்டாம் தேதி, புதன்கிழமை, காலை ஆறு பத்து. நீங்கள் சொன்னபடியே. சட்டை இத்துடன் வருகிறது. அவரே துவைத்து மடித்தார்.

தம்பி


செப்டம்பர் 20

தம்பிக்கு,

உடம்பு பரவாயில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

புதன்கிழமை ஐந்து மணிக்கே குளித்துவிட்டு மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். மணி அடித்தது. நாலாவது மணியில் எடுத்தேன்.

"அம்மா, தண்ணித்தொட்டிக்குப் பின்னால ரோட்டுல உங்க பொண்ணு விழுந்து கெடக்குது. உங்களக் கூப்பிடச் சொல்லுது. சீக்கிரம் வாங்க" என்றான். அழவில்லை.

"இதோ வரேன்னு அவகிட்ட சொல்லுங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கதவைச் சாத்தினேனா என்றுகூட நினைவில்லை. நாலு வருஷமாக அந்தச் சாலைப் பக்கமே போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தவள் நான். ஓடவில்லை, இந்த முட்டியோடு நடந்துதான் போனேன். பன்னிரண்டு நிமிஷம். பன்னிரண்டே நிமிஷம்தான் தம்பி. அவள் நாற்பது நிமிஷம் இருந்தாள்.

அங்கே ஒன்றும் இல்லை. புல் முளைத்திருந்தது. கம்பெனிப் பக்கமிருந்து பிஸ்கட் வாசனை வந்தது, அவள் தலைமுடியில் எப்போதும் அடிக்குமே, அது. வேலைக்குப் போகிற பெண்கள் இரண்டு பேர் சைக்கிளை நிறுத்தி, "என்னம்மா, யாரையாவது தேடுறீங்களா?" என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை, போங்கள் என்றேன். அவர்கள் போன பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, "போயிட்டு வாம்மா" என்று சொன்னேன். அன்று காலையில் சொல்லாமல் விட்டதை. வெகுநேரம் அழுதேன்.

கோபத்தோடு போனவள் என் எண்ணைச் சொல்லியிருக்கமாட்டாள். அதை நான் வைத்துக்கொள்கிறேன். வேறு எதுவும் எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

அவனை மன்னித்துவிட்டாயா என்று கேட்காதே, எனக்கே தெரியாது. உன்னை மன்னிப்பதுதான் அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் எழுது. வசனம் வேண்டாம், சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று எழுது. அதற்கு மட்டும் பதில் போடுவேன்.

சட்டை வந்தது. அதன் மடிப்பைப் பிரிக்க மனசில்லாமல் இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது பொத்தான் தளர்ந்திருந்தது. தைத்து, இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஸ்டேஷனுக்குப் போகும்போது அவன் இதைப் போட்டுக்கொள்ளட்டும். மற்றதன் காலர் நூலாகிவிட்டது என்று நீதானே எழுதினாய்.

அக்கா